முதல் 200 கி.மீ. முடிக்க, மெதுவாக ஓட்டப் பழகுங்கள்

கேள்வி: வயது 38. ஒரு வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன். வாரத்தில் நான்கு நாள், அதே 40 கி.மீ. வழி. ஒவ்வொரு முறையும் முந்தைய நேரத்தை முறியடிக்கப் பார்க்கிறேன். ஆறு மாதமாகச் சராசரி வேகம் 26-ஐத் தாண்டவில்லை. கால் எப்போதும் கனமாக இருக்கிறது, தூக்கமும் சரியில்லை, முட்டி அவ்வப்போது வலிக்கிறது. 12 வாரம் கழித்து 200 கி.மீ. பிரெவேக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீள்தூர சைக்கிள் ஓட்டம்) பெயர் கொடுத்திருக்கிறேன். முடிக்க முடியுமா? சாலையை நினைத்து வீட்டில் பயப்படுகிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்ல?

பதில்:

முடிக்க முடியும். ஆனால் இப்போது ஓட்டுவது போலவே ஓட்டிக்கொண்டிருந்தால் முடியாது.

உங்கள் கேள்வியில் என் கண் நின்றது ஒரே வரியில்தான்: "ஒவ்வொரு முறையும் முந்தைய நேரத்தை முறியடிக்கப் பார்க்கிறேன்." வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், நான்கும் பந்தயம். கால் கனக்கிறது, தூக்கம் கெடுகிறது, வேகம் நகரவில்லை என்றால் உங்களுக்குக் குறைவது உழைப்பு இல்லை, ஓய்வு. நானும் இரண்டு வருடம் இதையேதான் செய்தேன். உழைப்பு போதவில்லை என்று நினைத்து ஐந்தாவது நாளையும் சேர்த்தேன், வேகம் இன்னும் குறைந்தது.

பயிற்சி செய்யும் நேரத்தில் உடம்பு பலம் பெறுவதில்லை. அப்போது தசை களைக்கிறது, இழை நுண்ணிய அளவில் சேதமாகிறது, சேமித்த சர்க்கரை தீர்கிறது. பிறகு தூங்கும்போதும் சும்மா இருக்கும்போதும்தான் அது பழுது பார்த்து, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறது. அந்த வேலை முடிவதற்குள் அடுத்த பந்தயம் வந்துவிட்டால் கட்ட நேரமே கிடைப்பதில்லை. உங்கள் ஓட்டங்கள் எல்லாமே நடுத்தரக் கடினம் என்று ஊகிக்கிறேன்: களைக்கும் அளவுக்கு வேகம் உண்டு, உச்சத் திறனை உயர்த்தும் அளவுக்கு இல்லை. பெரும்பாலான அமெச்சூர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஸ்டீபன் சைலர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர், உயர்நிலை வீரர்களின் பயிற்சியைப் பார்த்து ஒரு விஷயத்தைக் கவனப்படுத்தினார். சைக்கிள், படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் என எந்த நீள்தூர விளையாட்டானாலும் அவர்கள் பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் சுலபமான வேகத்தில் நடக்கிறது. மீதி 20 சதவீதம்தான் உண்மையிலேயே கடினம். சுலபமான ஓட்டத்தில் தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, கொழுப்பை எரிக்கும் திறன் வளர்கிறது. 200 கி.மீ.க்கு வேண்டியது இதுதான்.

சுலபம் என்றால் எவ்வளவு சுலபம்? மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். வாக்கியம் பாதியில் உடைந்தால் கியரைக் குறையுங்கள். முதல் மூன்று வாரம் இது வெறுப்பாக இருக்கும், எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். என் இதயத் துடிப்பு 135-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டு ஓட்டியபோது, முதலில் மணிக்கு 21 கி.மீ. தான் வந்தது. நான்காவது மாதம் அதே துடிப்பில் 24 வந்தது. இந்த எண் உங்களுக்கு வேறாக இருக்கும், பேச்சுச் சோதனையை நம்புங்கள்.

உங்கள் நான்கு நாளை நான் இப்படி மாற்றுவேன். இரண்டு நாள், ஒரு மணி அல்லது ஒன்றேகால் மணி நேரம், பேசும் வேகத்தில். ஒரு நாள் மட்டும் கடினம்: நன்றாகச் சூடேறிய பிறகு 8 நிமிடம் கடுமையாக, நடுவில் சில நிமிடம் இளைப்பாறி, மொத்தம் நான்கு முறை. நான்காவது நாள் நீண்ட ஓட்டம். அதை 60 கி.மீ.யில் தொடங்கி 70, 80 என ஏற்றி, நான்காவது வாரம் 55-க்கு இறக்குங்கள். அப்புறம் 90, 100, 115. எட்டாவது வாரம் மறுபடி 70. ஒன்பது, பத்தாவது வாரங்களில் 130, 150. பதினோராவது வாரம் 70 போதும். பன்னிரண்டாவது வாரம் பிரெவே. அதற்கு முன் 200-ஐ முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டிய தேவை இல்லை, 150 ஓட்டிய உடம்பு 200-ஐத் தாங்கும். இறக்கும் வாரங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலர் அதை வீண் என்று நினைத்துத் தாண்டுகிறார்கள், முட்டி அப்போதுதான் போகிறது.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட ஏழு எட்டு கூடியிருந்தால் அன்று நான் கடின ஓட்டத்தை ரத்து செய்துவிடுவேன். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் சைக்கிளையே எடுக்க மாட்டேன். உங்கள் தூக்கம் திரும்பி வருகிறதா என்பதும் நல்ல அளவுகோல்.

இப்போது 200 கி.மீ. கணக்குக்கு வருவோம். பிரெவே பந்தயம் இல்லை. இந்த மரபின் வேர் 1891-இல் முதல் முறை நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். அது பந்தயமாகத்தான் தொடங்கியது. சார்ல் டெரோன் என்பவர் ஏறத்தாழ 1,200 கி.மீ. தூரத்தை 71 மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக எடுத்து வென்றார். இன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அதே ஓட்டத்தில் வெற்றியாளர் என்று யாரும் கிடையாது. அதிகபட்ச அவகாசமான 90 மணிக்குள் முடித்தவர் எல்லோரும் ஒன்றுதான். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 15 கி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. நீங்கள் 22-இல் ஓட்டினால் சைக்கிள் மேல் இருப்பது ஒன்பது மணிச் சொச்சம். நிற்க, சாப்பிட, பஞ்சர் ஒட்ட நாலேகால் மணிக்கு மேல் கையில் இருக்கிறது. 26-ஐ 28 ஆக்குவதற்கு இங்கே அவசியமே இல்லை.

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் என் முதல் 200-ஐ நான் கெடுத்தேன். இருட்டில் புறப்பட்டோம், முன்னால் ஒரு வேகமான கூட்டம், அதோடு ஒட்டிக்கொண்டேன். மணிக்கு 25-இலிருந்து 30-க்குப் போனால் காற்றைத் தள்ள மட்டும் ஏறத்தாழ 1.7 மடங்கு சக்தி வேண்டும். கூட்டத்தின் மறைவில் இருந்ததால் அது உறைக்கவில்லை. 60 கி.மீ. வரை துடிப்பு 165-இல் நின்றது. பசி இல்லை, அதனால் சாப்பிடவும் இல்லை. 138-ஆவது கி.மீ.யில் தொடை வலிக்கவில்லை, திடீரென்று காலே இல்லாதது போல ஆனது. சாலையோரத் திண்டில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு ஒட்டுப்பட்டை, அவ்வளவுதான். விரல் அதைப் பிடித்தது, இழுக்கத் தெரியவில்லை. அதை எப்படிப் பிரிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. பின்னால் வந்த ஒருவர் இறங்கி, என் கையைப் பிடித்துக் கழற்றிவிட்டு, வாயில் வாழைப்பழத்தை வைத்தார். அன்று ஓட்டம் அங்கேயே முடிந்தது.

தசையிலும் ஈரலிலும் சேர்த்து நம்மிடம் இருக்கும் கிளைகோஜன், அதாவது சேமித்த சர்க்கரை, சுமார் 500 கிராம், கிட்டத்தட்ட 2,000 கிலோ கலோரி. வேகமாக ஓட்டினால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மூளைக்கும் அதே சர்க்கரைதான் எரிபொருள் என்பதால் கால் நிற்கும்போது புத்தியும் மங்குகிறது. பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள். முதல் அரை மணியிலிருந்தே ஆரம்பித்து, மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும், அளவு பிடிபட்டிருக்கும். தண்ணீரை மணிக்கொரு முறை கடகடவென்று குடிக்காமல் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு மிடறாகக் குடியுங்கள், வெயிலில் உப்பும் சேருங்கள். நாள் முழுக்க வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்து. இதையெல்லாம் நீண்ட ஓட்டங்களிலேயே பழகுங்கள். பிரெவே அன்று புதிதாக எதையும் வயிற்றில் போட்டுச் சோதிக்க வேண்டாம்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்றீர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று வாயால் சொல்லித் தீர்க்காதீர்கள். என் காறை எலும்பு உடைந்த அன்று என்மேல் எந்த வண்டியும் மோதவில்லை. ஓய்வெடுக்க வேண்டிய நாளில், களைத்த காலோடு ஒரு குழுவில் ஓட்டினேன். என் முன்சக்கரம் முன்னால் போனவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறியிருந்தது, நான் கவனிக்கவில்லை. அவர் ஒரு கல்லுக்காக ஒரு சாண் விலகினார். ரப்பரோடு ரப்பர் உரசும் சின்னச் சத்தம், அடுத்த நொடி தரை. அவர் ஆடக்கூட இல்லை. பெரும்பாலும் விழுவது பின்னால் வருகிறவர்தான், அவர் முன்சக்கரத்தைத்தான் இழக்கிறார். ஆறு வாரம் கை கட்டோடு இருந்தது. அதனால்தான் ஓய்வைப் பாதுகாப்பிலும் சேர்க்கிறேன். களைத்த கண் முன்சக்கரத்தின் அடியையே பார்க்கும், தூரத்தைப் பார்க்காது.

குழுவில் ஓட்டும்போது முன்னவரின் பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் அல்லது தெளிவான இடைவெளி விட்டு இருங்கள், பக்கவாட்டில் ஏறாதீர்கள். பள்ளத்தைக் கையால் காட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள், கதவு முழுதாகத் திறந்தாலும் உங்களைத் தொடாத தூரம் வேண்டும். சாலையின் விளிம்பை நக்கிக்கொண்டு ஓட்டுவதும் பாதுகாப்பு அல்ல: அங்கேதான் மணலும் கண்ணாடித் துண்டும் சேர்கின்றன, பின்னால் வருகிறவருக்கும் இடித்துக்கொண்டு தாண்டத் தோன்றும். தண்டவாளத்தைக் குறுக்கே செங்கோணமாகக் கடந்து போங்கள். மழையில் இரும்பு மூடிகளும் சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் வழுக்கும்.

பிரேக்கைத் தனியாகப் பழகுங்கள். நிறுத்தும்போது எடை முன்னால் பாய்வதால் முன் பிரேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அதைப் பயந்து தொடாமலே ஓட்டுகிறவர்களுக்கு அவசரத்தில் வண்டி நிற்காது. ஆளில்லாத இடத்தில், இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டையும் படிப்படியாக அழுத்திப் பாருங்கள். இறக்கத்து வளைவில் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

இருட்டில் புறப்படுவீர்கள் என்பதால் பின்விளக்கு இரண்டு வையுங்கள், ஒன்று வழியில் அணைந்து போகும். ஒளி திருப்பும் பட்டையைக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் போகும் அந்த ஒளியைப் பார்த்ததும் ஓட்டுநருக்கு இது மிதிக்கிற மனிதன் என்று புரிகிறது, அசையாத விளக்கு அதைச் சொல்வதில்லை. ஹெல்மெட் ஒருமுறை தரையில் மோதியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்குவதன் மூலம்தான் அடியை வாங்குகிறது, நசுங்கிய இடம் இன்னொரு அடியைத் தாங்காது. வீட்டுக்கு உங்கள் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டு, போனில் இருப்பிடத்தைப் பகிருங்கள். என் வீட்டில் பயம் குறைந்தது இதனால்தான். களைப்பாக இருக்கும் நாளில் நானாகவே ஓட்டத்தை விடுகிறேன் என்று பார்த்த பிறகு இன்னும் குறைந்தது.

கடைசியாக முட்டி. முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, அல்லது கனமான கியரில் மெதுவாக மிதிப்பது. பின்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் உயரம். செருப்பில்லாமல் ஏறி, குதிகாலை மிதிகட்டையில் வைத்து அடிவரை இறக்குங்கள், கால் அப்போது நேராக நிற்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியே இருக்கும். மாற்றுவதானால் ஒரு தடவைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதியுங்கள். வீக்கம் இருந்தாலோ, படி இறங்கும்போதும் வலித்தாலோ சீட்டைத் தொடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

முன்பக்கமா பின்பக்கமா, எத்தனையாவது கி.மீ.யில் ஆரம்பிக்கிறது, இப்போது எந்தக் கியரில் ஏற்றம் ஏறுகிறீர்கள் என்று எழுதுங்கள். நீண்ட ஓட்டம் 90-க்குப் போவதற்கு முன் அதைச் சரி செய்துவிடலாம்.