வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரிலிருந்து வெளிச்சுவருக்கு வரும் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, என்ன செய்வது?

முதலில் அந்தக் குழாய் செம்பா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள்.

பிளாஸ்டிக் என்றால் அநேகமாகக் கவலை வேண்டாம். கண்டென்சிங் பாய்லரில் புகையோடு போகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அந்த வழியாகத்தான் வெளியேறும். பாய்லர் ஓடும்போது சொட்டும், நிறுத்தினால் சிறிது நேரத்தில் நின்றுவிடும்.

செம்புக் குழாய் என்றால் விஷயம் வேறு. எங்கள் வீட்டில் சொட்டியது அதுதான். அது பிரஷர் ரிலீஃப் வால்வின் குழாய். உள்ளே அழுத்தம் 3 பாரை (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) எட்டினால் வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். அதனால் தயவுசெய்து அந்தக் குழாயின் வாயை அடைத்துவிடாதீர்கள். எங்களுக்கும் ஒருவர் நல்லெண்ணத்தோடு, "ஒரு மூடி போட்டுவிடுங்கள்" என்றுதான் சொன்னார். அழுத்தம் வெளியேற அந்த வழி திறந்தே இருக்க வேண்டும். சமயத்தில் கொதிக்கும் தண்ணீரே பீய்ச்சி வரும் என்பதால் குழந்தைகளையும் அங்கே விளையாட விடாதீர்கள்.

அடுத்து பாய்லரின் பிரஷர் கேஜைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருப்பது சரி. அப்போதே 3-ஐ ஒட்டி நின்றால், தண்ணீர் நிரப்பும் வால்வு சரியாக மூடவில்லையா என்று பாருங்கள். சூடாகும்போது மட்டும் முள் 3-க்குத் தாவினால் சந்தேகப்பட வேண்டியது எக்ஸ்பான்ஷன் வெசலை.

தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 3 சதவீதம் விரியும். அதற்கு இடம் கொடுப்பதற்காகவே அந்த வெசலுக்குள் ஒரு ரப்பர் தடுப்பும் அதற்குப் பின்னால் காற்றும் இருக்கின்றன. காற்று போய்விட்டால் விரியும் தண்ணீருக்கு இடமில்லை, வால்வு திறந்துவிடும். ஆறியதும் முள் 1-க்குக் கீழே இறங்கும், நாம் மறுபடி நிரப்புவோம். நான் இதை வாரக்கணக்கில் செய்தேன். செய்திருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போய், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைக்கும்.

முதலில் வந்த டெக்னீஷியன் வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். இரண்டே வாரத்தில் மறுபடி சொட்டியது. அடுத்து வந்தவர் வெசலில் காற்று அடிக்கும் முனையை அழுத்திப் பார்த்தார். காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. வெசலை மாற்றினார், கூடவே வால்வையும். ஒருமுறை திறந்த வால்வின் வாயில் துரும்பு சிக்கிக்கொண்டால் அப்புறம் அது சரியாக மூடாது என்றார். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட இல்லை.

கேஸ் பாய்லரின் உறையை நீங்களே திறக்க வேண்டாம், அது உரிமம் உள்ளவர் வேலை. ஆறியபோது எவ்வளவு, சூடானபோது எவ்வளவு என்று கேஜ் காட்டும் அளவை மட்டும் குறித்து வைத்து அவரிடம் கொடுங்கள். வால்வை மாற்றும் முன் வெசலில் காற்று இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லுங்கள்.