ரயில் நின்றதும் ஸ்டேஷன் ஊர்கள் ஏன் காலியாகின்றன?

"ஸ்டேஷனை ஒட்டி உருவான சின்ன ஊர்களில் ரயில் நின்றதும் ஜனங்கள் ஏன் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவோ அப்பாவோ அப்படி ஓர் ஊரில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். நாங்களாகப் போகவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது, போனோம்.

மயிலாடுதுறை – தரங்கம்பாடி மீட்டர் கேஜ் பாதை 1926-இல் திறந்தது, 1986-இல் மூடப்பட்டது. சுமார் 30 கிலோமீட்டர். அதில் ஒரு ஸ்டேஷன் பக்கத்தில்தான் நான் வளர்ந்தேன். ஊர் என்றால் ஸ்டேஷன் கட்டடம், ஒரு வரிசை குவார்ட்டர்ஸ், ஒரு கிணறு, ஒரு டீக்கடை. அதைத் தாண்டினால் நெல் வயல்.

அப்பா கீமேன், அதாவது தினமும் பாதையை நடந்து சோதிக்கும் ரயில்வே ஊழியர். விடிந்ததும் சுத்தியல், ஸ்பேனர், சிவப்பு பச்சைக் கொடிகளோடு கிளம்பிவிடுவார். ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போய், மறு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புவார். தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் சாவியைச் சுத்தியலால் தட்டுவார். இறுகியிருந்தால் 'ணங்' என்று கேட்கும்; தளர்ந்திருந்தால் சத்தம் அடங்கிப்போய் வரும். லீவு நாட்களில் கூடவே நடந்து நடந்து எனக்கும் அது பிடிபட்டுவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி ரோந்து வேறு. கரை அரித்திருக்கிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று லாந்தரோடு நடக்க வேண்டும். ஆபத்து என்றால் தண்டவாளத்தில் வைக்க, ரயில் ஏறியதும் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடியும் கையில் இருக்கும். வளைவில் அந்த வெளிச்சம் தெரியும்வரை அம்மா படுக்க மாட்டாள்.

"ரயில்வே வேலை, வீடு, பாஸ், உங்களுக்கு என்ன குறை?" என்று யாராவது சொல்வார்கள். பாஸ் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட எங்களுடையது இல்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது, "அண்ணனுக்குத்தான் குவார்ட்டர்ஸ் இருக்கே" என்று சொல்லிச் சித்தப்பாக்கள் இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரிட்டயர் ஆன மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, 58 வயதில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தார். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு நான் இன்றுவரை போனதில்லை. தப்பென்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அந்த ஊர் விவசாயத்துக்காகவோ கோயிலுக்காகவோ வந்த ஊர் இல்லை. பாதையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக வந்த ஊர். பஸ் பெருகியது, ரயிலில் கூட்டம் குறைந்தது, நஷ்டம் என்று சொல்லிப் பாதையை மூடினார்கள். பாதை இல்லை என்றதும் ஆளுக்கும் வேலை இல்லை. கேங்கில், அதாவது பாதையைப் பராமரித்த குழுவில், இருந்தவர்களை ஆளுக்கு ஒரு திசையில் மாற்றினார்கள். பட்டா இருந்தால்தானே ஒருவன் இருந்து பார்ப்பான்? நாலு தலைமுறையாக இருக்கும் பக்கத்துக் கிராமத்தில் யாரும் காலி செய்யவில்லை. அவர்களும் அதே ரயிலில்தான் மாயவரம் போய் வந்தார்கள்.

எங்கள் ஊரில் டீக்கடைக்காரர் மட்டும் போகவில்லை. அவருக்கு பஸ் ரோட்டோரம் ஒரு மா நிலம் சொந்தமாக இருந்தது. கடையை அங்கே மாற்றினார். இப்போது அவர் மகன் நடத்துகிறான்.