எக்செல்ல இருக்கிற விலைய வெப்சைட்டில காட்டுறது எப்பிடி?

கேள்வி: அண்ணா, நான் புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு எழுதுறன். முதலாளி காலமையில எக்செல்ல விலைய மாத்துவார், நான் அதப் பார்த்துப் பார்த்து வெப்சைட்டில திரும்ப டைப் பண்ணுறன், கை நோகுது. நேரா எக்செல்ல இருந்து எடுத்துக் காட்ட ஏலாதா? வெப்சைட் எழுதுற பிஎச்பி மொழி கொஞ்சம் தெரியும். சிஎஸ்வி (கமாவால பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) ஆக்கிப் பார்த்தன், தமிழ் எல்லாம் கேள்விக்குறியாப் போச்சு.
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: ஏலும் தங்கச்சி, டைப் பண்ணுறத இண்டைக்கே விடுங்கோ. கேள்விக்குறி வந்தது பிஎச்பியால இல்ல, எக்செல் சேவ் பண்ணேக்கையே தமிழ் எழுத்து அழிஞ்சு போச்சு, பிறகு அத ஒரு ஸ்கிரிப்டாலயும் மீட்க ஏலாது. சேவ் ஆஸில "சிஎஸ்வி யூடிஎஃப்-8" எண்டு தனியா ஒண்டு இருக்கும், அதத் தெரிவு செய்யுங்கோ. அதில ஃபைலின்ட தொடக்கத்தில கண்ணுக்குத் தெரியாத 3 பைட் சேர்ந்து வரும், அது முதல் தலைப்போட ஒட்டிக்கொள்ளுறதால அந்தத் தலைப்ப நீங்க பேர் சொல்லித் தேடினா கிடைக்காது, அந்த 3 பைட்டையும் வெட்டி விடுங்கோ.

வாசிக்கிறதுக்கு பிஎச்பியில இருக்கிற எஃப்கெட்சிஎஸ்வி ஃபங்ஷன் போதும். தயவுசெய்து வரிய கமாவில வெட்டி எடுக்கிற வேலை வேண்டாம், விலை 1,250.00 எண்டு இருந்தா அது ரெண்டாப் பிரியும், அதோட ஹார்ட்வெயார் கடை எண்டா அரை இஞ்சி பைப், முக்கால் இஞ்சி எல்போ எண்டு இஞ்சிக் குறி (") எல்லா இடமும் இருக்கும், எக்செல் அத ரெண்டு தரம் எழுதி மேற்கோளுக்குள்ள போட்டு வைக்கும், எஃப்கெட்சிஎஸ்விக்குத்தான் அது விளங்கும். பேஜில எழுதேக்க எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் ஊடா விடுங்கோ, அப்பதான் இஞ்சிக் குறி மாதிரி எழுத்து பேஜக் குழப்பாது.

முதலாளி சேவ் ஆஸ் எல்லாம் பழக மாட்டார், எக்செல்லின்ட சொந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலத்தான் தருவார் எண்டா பிஎச்பிஸ்பிரெட்ஷீட் லைப்ரரிய, பிஎச்பி லைப்ரரிகள இறக்கித் தாற கொம்போசரால போடுங்கோ. இணையத்தில பிஎச்பிஎக்செல் எண்டு கன பழைய உதாரணம் கிடக்கும், அது 2017லயே கைவிட்டது, தொடாதேங்கோ. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் எண்டுறது உண்மையில சுருக்கிக் கட்டின ஒரு ஸிப் ஃபைல், அதால சேர்வர்ல பிஎச்பியின்ட ஸிப் எக்ஸ்டென்ஷன் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. விலைக் கட்டத்தில 18 சதவீத வற் சேர்க்கிற ஃபோர்மியூலா இருந்தா கெட்வேல்யூ அந்த ஃபோர்மியூலாவையே சமன் அடையாளத்தோட தூக்கித் தரும், கெட்கல்குலேட்டட்வேல்யூ எண்டு கேட்டாத்தான் காசு வரும். திகதியும் அப்பிடித்தான், 2024 ஜனவரி 1ஐ எக்செல் 45292 எண்டு வச்சிருக்கும், மாத்தித்தான் காட்டோணும்.

ஒவ்வொருத்தர் பேஜ திறக்கேக்கையும் ஃபைல வாசிச்சா இழுக்கும். ஃபைல்எம்டைமால கடைசியா மாத்தின நேரத்தப் பாருங்கோ, மாறியிருந்தா மட்டும் டேபிள திரும்பச் செய்து சேவ் பண்ணி வையுங்கோ.

இனி நீங்க கேக்காத விசயம், ஆனா எனக்கு இதுதான் பெரிசாப் படுது. அந்த ஷீட்டில வாங்கின விலையும் ஒரு கொலமா இருக்குமே? ஃபைல, வெப்சைட்டில ஆருக்கும் திறந்து கிடக்கிற பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ள போட்டா பேர ஊகிச்சு ஆரும் டவுன்லோட் பண்ணலாம், பக்கத்துக் கடைக்காரர்தான் முதல் ஆள். அந்த ஃபோல்டருக்கு வெளிய வையுங்கோ, ஸ்கிரிப்டிலயும் காட்ட வேண்டிய கொலங்கள மட்டும் பேர் சொல்லி எடுங்கோ, முழு வரியையும் லூப்பில கொட்டாதேங்கோ, நாளைக்கு முதலாளி நடுவில ஒரு கொலம் புகுத்தினாலும் தப்பலாம்.