சுவாசப்பை சி.ரி. ஸ்கான் றிப்போட்டில 'கிரவுண்ட் கிளாஸ்' (தேய்ச்ச கண்ணாடி மாதிரி மங்கல்) எண்டால் தழும்போ?

அந்தச் சொல்லை மட்டும் வைச்சு தழும்பு எண்டு முடிவெடுக்க ஏலாது. அழற்சி, நீர்க்கோர்வை, ஏன், காத்துப் போகாமல் அமுங்கின இடம்கூட அப்பிடித்தான் மங்கலாத் தெரியும்.

அம்மாவுக்கு ருமற்றொயிட் மூட்டுவாதம், மங்கல் ரெண்டு சுவாசப்பையின்ர அடியிலும் முதுகுப்பக்கமாய் எண்டு எழுதியிருக்கிறியள். மல்லாக்கப் படுத்து எடுக்கேக்குள்ள மூச்சை நிறைய இழுத்துப் பிடிக்காட்டில் அந்த இடம் தன்பாரத்தில அமுங்கும். என்ர முதல் சந்தேகம் அதுதான்.

போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில இதைக் கேளுங்கோ: குப்புறப் படுக்க வைச்சு, அடிப்பகுதியில மட்டும் சில மெல்லிய சி.ரி. வெட்டுப் படங்கள் (1–1.5 மி.மீ. தடிப்பில) எடுக்கலாமோ? கொன்ராஸ்ற் (சாய மருந்து) ஊசி தேவையில்லை. மங்கல் மறைஞ்சால் வெறும் அமுக்கம். அப்பிடியே நிண்டால் உண்மையான பாதிப்பு. பிறகு பாக்கவேண்டியது வலைபோன்ற கோடுகள், தேன்கூடு மாதிரி ஓட்டைகள், இழுபட்டு விரிஞ்ச மூச்சுக்குழாய்கள். கடைசியாச் சொன்னது பெரிய சாட்சி, தழும்பு சுருங்கேக்குள்ளதான் குழாயை இழுக்கும். மங்கலுக்குள்ளயே அது தெரிஞ்சால் அந்த மங்கலும் நுண்ணிய தழும்பாய் இருக்கலாம்.

மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேற் மருந்து போடுறா எண்டால் இந்த றிப்போட்டைப் பாத்து நீங்களா நிப்பாட்டாதேங்கோ. ஆனால் புதுசா வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுமுட்டு வந்தால் அடுத்த கிளினிக் மட்டும் பாத்திராமல், அடுத்த டோஸ் போட முன்னம் உடன கொண்டுபோய்க் காட்டுங்கோ.