ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட்டுக்கு காசு கட்டலாமா?

பெரம்பூர்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. ரெண்டு வயசு பையன், வயிறு பானை மாதிரி இருக்கு, மண்ணீரல் பெருசு, கௌச்சர் நோயா இருக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். இடையில ஒருத்தர் புகுந்து ‘ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட்’ எடுத்தா மருந்து இலவசமா வாங்கித் தர்றேன், 60,000 கட்டுங்கன்னாராம்.

கட்டாதீங்கம்மா.

செல்லுக்குள்ள லைசோசோம்னு கழிவை அரைக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அங்க ஒரு என்சைம் குறைஞ்சா கொழுப்பு தேங்கி மண்ணீரல் வீங்கும், அதுதான் கௌச்சர். எக்ஸ்பிரஷன்னா ஜீன்லேர்ந்து எவ்வளவு ஆர்என்ஏ, அதாவது என்சைம் செய்யறதுக்கான நகல், வருதுன்னு அளக்கறது, அவ்வளவுதான். நம்ம நாட்டுல கௌச்சர்ல அதிகமா பாக்கற எல்444பிங்கற ஜீன் மாற்றத்துல ஆர்என்ஏ வந்துட்டுதான் இருக்கும், அதுலேர்ந்து உண்டாகற என்சைம்தான் சரியா மடங்காம செல்லே அதை அழிச்சிரும். அப்ப ரிப்போர்ட் ‘நார்மல்’னு வரும், நோய் அப்படியே இருக்கும்.

ஒரே ஒரு இடத்துல ஆர்என்ஏ உதவும். ஜீன் ரிப்போர்ட்ல ‘அர்த்தம் தெரியாத மாற்றம்’னு போட்டு, அது ஸ்ப்ளைசிங் பக்கத்துல இருந்தா, அதாவது ஆர்என்ஏவை வெட்டி ஒட்டற இடத்துல இருந்தா, வெட்டு தப்பா விழுதான்னு பாக்கலாம். பாம்பே (Pompe)ங்கற இன்னொரு லைசோசோம் நோயில அப்படி ஒரு மாற்றம் நல்லாவே தெரிஞ்சது. ஆனா அது ஜீன் டெஸ்ட்டுக்கு அப்புறம், ஜெனிடிக்ஸ் டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும். ஆராய்ச்சின்னு சொல்லி யாராவது ரத்தம் கேட்டா எத்திக்ஸ் கமிட்டி லெட்டரைக் காட்டச் சொல்லுங்க, ஆராய்ச்சிக்கு நீங்க ஏன் காசு குடுக்கணும்?

இப்ப வேண்டியது வெள்ளணுல என்சைம் டெஸ்ட், அப்புறம் அந்த என்சைமுக்கான ஜிபிஏ1 ஜீன் டெஸ்ட். என்சைம் ரத்தத்தை ஏஜென்ட் கையில குடுக்காதீங்க. போன மே மாசம் ஒருத்தர் பச்சை மூடி ட்யூபை பைக் பெட்டியில போட்டுக்கிட்டு மத்தியானம் பூரா சுத்திட்டு கொண்டு வந்தார், தொட்டா சுடுது. கூட வச்சுப் பாத்த வேற என்சைமும் கம்மியா வந்ததாலதான் சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சது, இல்லேன்னா அந்தக் குழந்தைக்கு இல்லாத நோயை எழுதியிருப்போம்.

மருந்துக்கு நேரா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போங்க, 2021 தேசிய அரிய நோய் கொள்கையில அதுவும் ஒரு மையம், 50 லட்சம் வரைக்கும் உதவி உண்டு, புரோக்கர் வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஆயுசு பூரா ஏத்தற மருந்துக்கு, வெயிட் ஏற ஏற டோஸ் ஏறற மருந்துக்கு, 50 லட்சம் எத்தனை நாள் வரும்னு கேட்டா பதிலே வராது, எனக்கு வயிறெரியுது.

கௌச்சர்னு உறுதியானா அடுத்த குழந்தைக்கும் அது வர 25 சதவீதம் வாய்ப்பு இருக்கு. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே வாங்க, 11 வாரத்துலேர்ந்து நஞ்சுக்கொடி திசு எடுத்துப் பாத்துரலாம், அதுக்கு பையனோட ஜீன் ரிப்போர்ட் கையில இருக்கணும்.