பகலும் இரவும் சமமா? வானம் பார்ப்பவரின் கேள்வி பதில்

பகலும் இரவும் சமம் என்று சொல்லப்படும் மார்ச் 20-ஐ ஒட்டி வந்த கேள்விகளுக்குப் பதில்கள். யாரும் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். உதிக்கும்போதும்தான்.

மார்ச், செப்டம்பரில் மட்டும் ஏன் பகலும் இரவும் சமம்?

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. ஜூனில் வடமுனை சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும், டிசம்பரில் எதிர்ப்பக்கம். இடையில் இரண்டு தடவை இரண்டு முனைகளும் சூரியனுக்குச் சம தூரத்தில் வரும். அன்று வெளிச்சத்தையும் இருட்டையும் பிரிக்கும் கோடு இரு முனைகள் வழியாகவும் போகும். சென்னையோ லண்டனோ, பூமியோடு சுற்றிவரும் வட்டத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு.

சென்னையில் அன்று உதயம் 6.13, அஸ்தமனம் 6.20. மீதி ஏழு நிமிஷம் எங்கிருந்து வந்தது?

இப்படிக் கேளுங்கள்! முன் பதிலில் சூரியனை ஒரு புள்ளியாகவும் பூமியைக் காற்றில்லாத உருண்டையாகவும் வைத்துக்கொண்டேன். நிஜத்தில் சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தாலே உதயம். அதன் ஆரம் 16 கலை (60 கலை ஒரு பாகை). அதோடு அடிவானத்தில் காற்று ஒளியை வளைத்து, கீழே இருக்கும் சூரியனை 34 கலை தூக்கிக் காட்டுகிறது. ஆக 50 கலை. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம். சென்னையில் சூரியன் சற்றுச் சாய்வாக ஏறுவதால் காலையில் மூன்றரை நிமிடம், மாலையில் மூன்றரை நிமிடம் லாபம். கடிகாரப்படி சமமான நாள் சென்னைக்கு மார்ச் 11, 12 வாக்கிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வரும்.

சிங்கப்பூரில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லையே?

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். வருஷம் முழுக்க அப்படித்தான்.

அன்று மட்டும் முட்டை செங்குத்தாக நிற்குமாமே?

பொறுமை இருந்தால் எந்த நாளும் நிற்கும்.

சித்திரை 1 அன்றுதானே சமபகலிரவு? தாத்தா சொல்வார்.

ஒரு காலத்தில் சரி. பூமியின் அச்சு மெதுவாகத் தள்ளாடுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. அதனால் சமபகலிரவுப் புள்ளி (அன்று வானில் சூரியன் இருக்கும் இடம்) 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் நட்சத்திரங்களுக்கிடையே நகர்கிறது. சித்திரையோ நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: நட்சத்திரங்களுக்கிடையே சூரியன் அதே பழைய இடத்துக்கு வந்தால்தான் சித்திரை 1. சுமார் 1,700 ஆண்டுகளில் இடைவெளி 24 பாகை ஆகிவிட்டது.

அப்போ பஞ்சாங்கம் தப்பா? நம் முன்னோர் முட்டாள்களா?

யார் அப்படிச் சொன்னது? அந்த 24 பாகைக்கு அயனாம்சம் என்று பெயர், பஞ்சாங்கத்திலேயே போட்டிருக்கும். எதை அளவாக வைப்பது என்பதில்தான் வேறுபாடு. இயற்பியலாளர் மேக்நாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு பருவத்தை அளவாக எடுத்தது. 1957-இல் வந்த இந்திய தேசிய நாட்காட்டியில் சைத்ரம் 1 மார்ச் 22 (லீப் ஆண்டில் 21). அரசிதழில் இன்றும் அந்தத் தேதி இருக்கிறது, வீட்டில்தான் யாரும் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் புத்தாண்டை மார்ச்சுக்கு மாற்றச் சொல்கிறீர்கள்!

சொல்லவில்லை. தையா சித்திரையா சண்டைக்கும் நான் வரவில்லை. அடுத்த கேள்வி.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நிறுத்தினால்...

மேலே பாருங்கள்.

அன்று நண்பகலில் நிழல் விழாதா?

விழும். நிழலில்லா நாள் சென்னைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். மார்ச் 20 அன்று மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்துங்கள். 12.16-க்கு நிழல் 23 சென்டிமீட்டர் இருக்கும். காலையிலிருந்து மணிக்கொருதரம் நிழல் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மற்ற நாட்களில் புள்ளிகள் வளைந்து போகும். அன்று மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே ஒரே நேர்கோடு.