பல் விழுந்தால் சாவு விழுமா?

கேள்வி: விடிகாலையில் பல் எல்லாம் பொலபொலவென்று கொட்டுவது போல அடிக்கடி கனவு வருகிறது. பல் விழுந்தால் வீட்டில் சாவு விழும், அதுவும் விடிகாலைக் கனவு கட்டாயம் பலிக்கும் என்கிறார் மாமியார். என் கணவர் லாரி ஓட்டுகிறார். அவர் வீடு வந்து சேரும் வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. கனவு எதற்குத்தான் வருகிறது? – வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் வேளைக்குச் சாப்பிடுங்கள், சகோதரி. அந்தக் கனவுக்கும் உங்கள் கணவர் உயிருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

விடிகாலைக் கனவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் கண் மூடிய இமைக்குள்ளேயே விறுவிறுவென்று அசையும் நேரம் ஒன்று இருப்பதைச் சொன்னார்கள், அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டுகொண்டிருந்தேன் என்றார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம் முன்னிரவில் சில நிமிடம்தான், விடிய விடிய நீண்டுகொண்டே போகும். அதனால் விடியும் நேரத்துக் கனவுதான் நீளம், அதிலிருந்து நேராகக் கண் விழிப்பதால் அதுதான் ஞாபகத்திலும் நிற்கிறது. பலிக்காத நூறு கனவை மறந்துவிட்டு, தற்செயலாக ஒத்துப்போன ஒன்றை மட்டும் ஊரே வருஷக்கணக்கில் பேசும். கனவில் சாவைக் கண்டால் கல்யாணம், கல்யாணத்தைக் கண்டால் சாவு என்றும் இதே ஊர்தானே சொல்கிறது!

எதற்கு வருகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. தூக்கத்தில் மூளைத்தண்டிலிருந்து தாறுமாறாகக் கிளம்பும் தூண்டுதல்களுக்கு மூளை ஒரு கதை கட்டிவிடுகிறது என்று 1977-ல் ஹாப்சனும் மெக்கார்லியும் சொன்னார்கள். மனசில் கனக்கும் விஷயங்களை ஆற்றிப் பதப்படுத்தும் வேலை அது என்பது இன்னொரு கட்சி. துக்க வீட்டில் இறந்தவர் மாதக்கணக்கில் கனவில் வருவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

ஆனால் பல் கனவு கொஞ்சம் வேறு. இஸ்ரேலில் மாணவர்களிடம் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் கனவு காண்பவர்களுக்கு மனவருத்தத்தோடு தொடர்பு தெரியவில்லை, காலையில் பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கிற இறுக்கத்தோடுதான் தெரிந்தது. எழுந்ததும் தாடை வலிக்கிறதா, கன்னப்பொட்டு பாரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் பல் டாக்டரிடம் போங்கள், ராத்திரி போட்டுக்கொள்ள ஓர் உறை செய்து தருவார்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். லாரியில் போகிறவர் அவர் பெற்ற பிள்ளை, அந்தப் பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.